டெல்ஃபியாவின் வலது கால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு பசி உண்டு. வயிற்றுப் பசிக்கு நான் பொலோனா இறைச்சித் துண்டை வறுத்து ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடுவேன். வம்புப் பசிக்கு அவர்களே ஏதாவது கொண்டுவந்துவிடுவார்கள். அந்தக் கோடை முழுக்க அவர்கள் கொண்டுவந்தது டெல்ஃபியா ரட்லிஃபின் வலது காலைத்தான்.

எங்கள் பந்தயத் திடல் ஆற்றுக்கும் நிலக்கரி ரயில் போகும் பாதைக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ஆற்று மூடுபனி காலையில் லேசில் விலகாது. பனி விலகாமல் தார் காயாது, தார் காயாமல் எவனும் வண்டியை எடுக்க முடியாது. அதுவரை வாய்கள்தான் ஓடும். அதில் முதலில் ஓடுவது எப்போதும் கோய் பிளெவின்ஸின் வாய். கோய் கெட்டவன் இல்லை. டெல்ஃபியாவின் புருஷன் ஆர்விலோடு ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில் பாடுபட்டவன். ஆனால் ஒரு நல்ல வாக்கியம் நாக்கில் வந்துவிட்டால் அதை முழுங்கத் தெரியாது அவனுக்கு.

"ஒரு சிலிண்டர் எரியாம மிஸ் அடிச்சா கோளாறு வயரு," என்றான் அன்றைக்கு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "ரெண்டு அடிச்சா டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. எட்டும் ஒண்ணா மிஸ் அடிச்சா, ஓட்டுறவ காலு."

சிரித்தார்கள். நான் அவனுடைய காப்பியைக் கோப்பையின் விளிம்புவரை ஊற்றி, கொதிக்கக் கொதிக்க நீட்டினேன். கையில் கொட்டிக்கொண்டு ஊதினான். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

டெல்ஃபியாவுக்குப் பயமாம்! பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். ஜனவரி மாதத்தில், ரோடெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடக்கும்போது, பஸ் நிறைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த மலை வளைவுகளில் இறங்குகிறவள். ஒருநாள் பிரேக் பிடிக்காமல் போய், கியரிலேயே அடக்கி அடக்கிக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்சீட்டில் சண்டை போட்ட இரண்டு பேரை முதலில் திட்டிவிட்டுத்தான் இறங்கினாள். அவளைப்போய் பயந்தாங்கொள்ளி என்றால் என் வயிறு எரியாதா?

நடந்தது இதுதான். அவள் பந்தயத்தில் ஓட்டுகிற பழைய செவ்ரோலே, ஆர்வில் தன் கொட்டகையில் ஒவ்வொரு ஆணியாய்ச் சேர்த்துக் கட்டிய வண்டி. கரித்தூள் அவனுடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. பந்தய லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும் என்றான் ஆர்வில். "நிக்கிற வண்டியில எலி குடி வந்துடும்" என்று சொல்லிவிட்டு டெல்ஃபியா போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆர்வில் ஆறடிக்கு மேல்; அவள் என் தோள் உயரம். அவளுக்குத் தக்கபடி உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். கோடை பிறந்ததும் வண்டிக்கு நோவு வந்துவிட்டது.

கொட்டகையில் வண்டி சொக்கத்தங்கம். திடலில் பச்சை விளக்கு விழுந்து பாய்ந்ததும் விக்கல் எடுக்கும். இரண்டு விக்கல், மூன்று விக்கல், பிறகு கியர் மாறும்போது இன்னொன்று. வேலியோரம் நிற்கிறவன் காதுக்கு அது ஓட்டுகிறவள் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து எடுத்து வைப்பதுபோலவே கேட்கும். முதல் இரண்டு வாரம் டெல்ஃபியா ஒவ்வொருவரிடமும் "நான் காலை எடுக்கல" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

எங்கள் பந்தயத்தில் சும்மா வேகமாக ஓடிவிட்டால் பரிசு கிடைத்துவிடாது. தன் வண்டி எத்தனை நொடியில் கோட்டைத் தொடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதிவிட வேண்டும். இரண்டு நம்பருக்கும் எத்தனை நொடி வித்தியாசமோ, மெதுவான வண்டிக்கு அத்தனை நொடி முன்னதாகவே பச்சை விழும். அப்புறம் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவருக்கு ஜெயம். ஆனால் தான் எழுதின நம்பரைவிட நூலளவு வேகமாகப் போய்விட்டாலும் போச்சு, தோல்வி. அதனால் கெட்டிக்காரர்கள் எல்லாரும் கடைசியில், எதிராளியைப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும், காலை எடுத்து வண்டியைத் தங்கள் நம்பருக்குள் அடக்கிக்கொள்வார்கள். கோட்டருகில் காலை எடுத்தால் சாமர்த்தியம். கிளம்பினதும் எடுத்தால் கேலி. விக்கல் எடுக்கிற வண்டிக்கு எந்த நம்பரை எழுதுவது? டெல்ஃபியாவின் கண்ணாடியில் ஆர்வில்தான் எழுதுவான். வாரத்துக்கு வாரம் இன்னும் மெதுவான நம்பராக எழுதிக்கொண்டே வந்தான்.

அன்று கோய் கையை ஊதிக்கொண்டு நகர்ந்த பிறகு ஆர்வில் வந்தான். காப்பி வேண்டாம், தண்ணீர் போதும் என்றான். நாலடி நடந்து வந்ததற்கே ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். டென்னஸியிலிருந்து ஒருத்தர் காலி டிரெய்லரோடு வருகிறார், சாயங்காலம் வண்டியை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று மெல்லச் சொன்னான்.

"டெல்ஃபியாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"வர்ற வழியில சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ரேடியோவ சத்தமா வெச்சா."

எனக்கு ஆத்திரம் வந்தது. நீயுமா ஆர்வில், ஊர் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறாய் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட மூச்சு வேண்டுமே.

"அவ பயந்து பயந்து எனக்காக ஓட்டுறா, ஜெனீவா. அந்த சீட்ல பயத்தோட உக்காரக் கூடாது. ஒருநாள் செவுத்துல போய்தான் நிப்பா. வண்டி போனா போகட்டும், இவ இருக்கட்டும்."

"பயமா இருக்குன்னு அவ சொன்னாளா?"

"பிளக்கு சொல்லுது. எட்டும் ஒரே மாதிரி கறுத்துக் கெடக்கு."

புருஷன் பெண்டாட்டியை நேசிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் சொல்லை விட்டுவிட்டு பிளக்கின் சொல்லைக் கேட்கிறான். வறுபட்ட பொலோனாவைப் புரட்டிப் போட்டேன், அது தீய்ந்துவிட்டது.

பனி விலகியது. பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் வண்டிகள் வரிசையில் நின்றன. முதல் ஓட்டத்தில் டெல்ஃபியாவுக்கு எதிரே ஓடினவன் அவசரக்குடுக்கை, பச்சைக்கு முன்னாலேயே பாய்ந்து தானாகத் தோற்றான். அவள் ஜெயித்ததை ஒருவரும் ஜெயம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவளுடைய வண்டி பாய்ந்தது, விக்கியது, விக்கியது, பிறகுதான் ஓடியது. வேலியோரம் ஒருவன் தன் வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடிக்காட்டினான். என் கையில் பீன்ஸ் கரண்டி இருந்தது, அவன் தூரத்தில் இருந்தான், தப்பித்தான்.

மத்தியான இடைவேளையில் அவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பின்டோ பீன்ஸ், சோள ரொட்டி, நறுக்கின வெங்காயம். டெல்ஃபியா தீப்பிடிக்காத அங்கியின் மேற்பாதியை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வேர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தொடவில்லை.

ஆர்வில் எஞ்சினில் குனிந்திருந்தான். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அப்படியே அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அப்போதுதான் பிளக்குகள் உண்மை பேசும் என்பது அவன் கணக்கு. என் கடையிலிருந்து எப்போதோ தூக்கிக்கொண்டு போன கேக் தட்டின் குழிகளில் எட்டு பிளக்குகளையும் சிலிண்டர் வரிசைப்படி நிறுத்தியிருந்தான். எட்டும் ஒரே கறுப்பு. பெட்ரோல் பாதி எரியாமல் போயிருக்கிறது, எட்டிலும் ஒரே அளவு. புகைக் குழாய்கள் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். ஒரு குழாய் ஆறியிருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். எட்டும் ஒன்றுபோல 'சுர்' என்றன. தனித்தனி வயரில் நோவு இல்லை. எட்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். பொறிக்கு மின்சாரம் ஏற்றுகிற காயிலை ஏற்கெனவே மாற்றியிருந்தான். மிச்சம் இருந்தது நெருப்புப்பொறியை நேரம் பார்த்துக் கொடுக்கிற பெட்டி. அது அவனிடம் இரண்டாவது இல்லை.

அதைக் கொண்டுவந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கோய் பிளெவின்ஸ். தன் உதிரிப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். அடுத்த ஓட்டத்தில் டெல்ஃபியாவுக்கு எதிரே ஓடப்போகிறவனே அவன்தான்! எங்கள் திடலில் அப்படித்தான். கேட்டவனுக்குச் சாமானை இல்லை என்று சொன்னவன் அடுத்த வாரம் முகத்தைக் காட்ட முடியாது.

"உனக்கு நீயே குழி தோண்டுறியே கோய்," என்றேன்.

"ஓட முடியாத வண்டிய ஜெயிச்சா என் பொண்டாட்டிகூட சோறு போட மாட்டா," என்றான்.

பெட்டியை மாற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். ஆர்வில் வெளியே நின்றபடி கார்புரேட்டரைக் கையாலேயே திறந்து திறந்து விட்டான். நிலம் அதிர்ந்தது, என் தட்டுகள் கிணுகிணுத்தன. விக்கல் இல்லை. ஆனால் பழைய பெட்டியோடும் இங்கே நிற்கும்போது விக்கல் இருந்ததில்லை. ஆர்வில் அணைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

வாளியில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "ஆர்வில், நான் காலை எடுக்குறேன்னு நீ நம்புறியா?"

கோய் கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பாதி நாள் நம்பல," என்றான் ஆர்வில்.

"மீதி நாள்?"

"பிளக்கு எட்டும் ஒரே மாதிரி இருக்கு, டெல்ஃபியா. நான் என்ன பண்ணட்டும்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அந்த நிமிஷம் அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. டெல்ஃபியா அழவில்லை. தட்டை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்தாள்.

"நீங்க எல்லாரும் வண்டிய சோதிக்கும்போது நான் எங்க இருக்கேன்?"

"எங்க இருக்க? வெளியதான்," என்றான் கோய்.

"வண்டிக்கு நோவு வரும்போது?"

அவள் வண்டிக்குள் பாதுகாப்புக் கூண்டாகக் கட்டிய இரும்புக் குழாய்களுக்கு நடுவே நுழைந்து சீட்டில் உட்கார்ந்தாள். பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். எஞ்சினைக் கிளப்பினாள். கியரில் போடாமல், ஆக்ஸிலேட்டரை ஓரளவு அழுத்தி ஒரே நிலையில் வைத்தாள். எஞ்சின் ஒரே சீராகப் பாடியது. கோய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் முறைத்தேன், மூடிக்கொண்டான்.

அப்போது அவள் இடது காலைத் தரையில் ஊன்றி, முதுகினால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். முழு பலத்தோடு, வண்டி பாயும்போது உடம்பு எப்படிப் பின்னால் அமுங்குமோ அப்படி.

எஞ்சின் விக்கியது.

தளர்ந்தாள், சீராக ஓடியது. மறுபடி தள்ளினாள், விக்கியது. ஆர்வில் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு அவளுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தள்ளினாள், தளர்ந்தாள், தள்ளினாள். கால் அசையவே இல்லை. கோடையெல்லாம் ஆம்பிளைகள் கூட்டம் போட்டுத் தேடினதை இவள் உட்கார்ந்த இடத்தில் முதுகினாலேயே தொட்டுக் காட்டிவிட்டாள்.

ஆர்வில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கக் கதவு வழியாகத் தரையில் படுத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டான். யாராவது சீட்டைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றான். கோய் ஒல்லி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் உடம்பை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அது ஒரு நல்ல காரியத்துக்கு உதவுமென்றால் எனக்கென்ன? பின்பக்கம் இரும்புக் குழாய்களுக்கு நடுவே என்னைத் திணித்துக்கொண்டு, சீட்டின் முதுகைப் பற்றி மொத்தமாகச் சாய்ந்தேன். விக்கியது. "விடு" என்றான், விட்டேன். "இழு" என்றான், இழுத்தேன். பிறகு எஞ்சினை அணைக்கச் சொன்னான்.

அணைத்த பிறகும் அவன் வெளியே வரவில்லை. பூட்ஸ் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. மூச்சு அடைத்துவிட்டதோ என்று கோய் பயந்து காலைப் பிடித்து ஆட்டினான். ஆர்வில் ஊர்ந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தான்.

"என் போல்ட்டு," என்றான்.

சீட்டை அவளுக்காக முன்னுக்குத் தள்ளி, உயர்த்தி வைத்தபோது புதுத் துளை போட்டு போல்ட் மாட்டியிருக்கிறான். தேவைக்கு ஒரு விரல் நீளமான போல்ட். எஞ்சினிலிருந்து பெட்டிக்கு நேரம் சொல்கிற மெல்லிய வயர் அதற்கு நேர் கீழே ஓடுகிறது. அவள் உட்கார்ந்து, வண்டி பாய்ந்து, சீட் வளையும்போதெல்லாம் அந்த போல்ட்டின் நுனி வயரை அமுக்கியிருக்கிறது. அமுக்கி அமுக்கித் தோல் தேய்ந்து செம்பு வெளியே வந்துவிட்டது. செம்பு இரும்பைத் தொடும்போதெல்லாம் எட்டு சிலிண்டருக்கும் நேரம் தப்பிவிடும்.

"மிச்சத்த அறுக்கணும்னுதான் நெனச்சேன்," என்றான். "அப்புறம் நீளமா இருந்தா இன்னும் கெட்டியாப் புடிக்கும்னு விட்டுட்டேன். நீ உக்காருற சீட்டாச்சே." அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. கோடை முழுக்கத் தன் அன்பே அவளைக் குத்திக்கொண்டிருந்ததை அவன் இப்போதுதான் கண்டான். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது.

"சீட்டு வசதியாத்தான் இருந்துச்சு," என்றாள் டெல்ஃபியா.

கோய் தன் வண்டிக்கு ஓடிப்போய் ரம்பம் எடுத்து வந்தான். போல்ட்டை அவனே அறுத்தான். ஆர்வில் புது வயர் இழுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினான். கோய் அறுத்துக்கொண்டே, தன் வாயைப்பற்றி ஏதோ முணுமுணுத்தான். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். ரம்பச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, டெல்ஃபியாவும் கேட்டு வாங்கவில்லை. பெட்டியைக் கழற்றித் தருகிறேன் என்று ஆர்வில் சொன்னதற்கு, ஓடிவிட்டுக் கொடு என்றான்.

ஒலிபெருக்கியில் அவர்கள் இருவர் பெயரையும் கூப்பிட்டார்கள். ஆர்வில் ஈரத் துணியோடு கண்ணாடிக்குப் போனான். அதில் காலையில் அவன் எழுதின நம்பர் இருந்தது, ஆறு புள்ளி ஆறு. இனி வண்டி அதைவிட எவ்வளவோ வேகமாக ஓடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். டெல்ஃபியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத."

"இந்த நம்பரோட போனா மிஞ்சிடுவியே."

"இருக்கட்டும்."

அவன் யோசித்தான். பந்தயக்காரன் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "சரி, அதுவும் நல்லதுதான். கோய பாதியிலேயே புடிச்சிடுவ. அவன் பக்கத்துல வந்ததும் காலை எடுத்துடு. அவனோட சேந்தாப்புல போய் கோட்டத் தொடு. ஜெயிச்சிடலாம்."

"அது நீ என்னைப் பத்தி எழுதின நம்பர், ஆர்வில்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு வேலிக்குப் போனேன். பீன்ஸ் அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். டென்னஸிக்காரர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார், மரியாதையான மனுஷர், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். மெதுவான வண்டி என்பதால் கோய்க்கு முதலில் பச்சை விழுந்தது, அவன் போனான். பிறகு அவளுக்கு.

நான் இந்தத் திடலில் எத்தனையோ வண்டிகள் கிளம்பிப் பார்த்திருக்கிறேன். அது மாதிரி ஒன்று கிளம்பிப் பார்த்ததில்லை. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. ஒரே சத்தம், கிழிபடாத ஒரே நீளமான சத்தம். கியர் மாறியது, அப்போதும் விக்கல் இல்லை. பாதி தூரத்துக்குக் கொஞ்சம் தாண்டி கோயைப் பிடித்துவிட்டாள். ஆர்வில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "இப்ப எடு, இப்ப எடு" என்று முனகினான். வேலியோரம் நின்ற எல்லாரும் அதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எடுக்கவில்லை. கோயைத் தாண்டி, அவன் வண்டியைத் தனியாக விட்டுவிட்டு, அதே சத்தத்தோடு கோட்டைக் கடந்து போனாள். பலகையில் ஆறு புள்ளி மூன்றுக்கும் கீழே ஒரு நம்பர் எரிந்தது. ஆர்வில் ஓட்டின காலத்தில்கூட அந்த வண்டி அவ்வளவு வேகம் போனதில்லை. எழுதினதை மிஞ்சிவிட்டதால் டெல்ஃபியா ரட்லிஃப் தோற்றார், கோய் பிளெவின்ஸ் ஜெயித்தார் என்று ஒலிபெருக்கி சொன்னது. கோயின் ஜெயத்துக்கு ஒருவரும் கைதட்டவில்லை. தோற்றவளுக்குத் தட்டினார்கள். காலைத் தூக்கி ஆடிக்காட்டினவனும் தட்டினான்.

டென்னஸிக்காரர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, வண்டி விற்கிறதா இல்லையா என்று கேட்டார்.

"ஓட்டுறவகிட்ட கேளுங்க," என்றான் ஆர்வில்.

வண்டி திரும்பி வந்து நின்றது. அவள் பட்டைகளைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, குழாய்களுக்கு நடுவே கஷ்டப்பட்டு வெளியே வந்தாள். முகம் சிவந்து கிடந்தது. கால் நடுங்கியது, இரண்டு கால்களும். டென்னஸிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். விற்கிறதா என்று கேட்கவில்லை. பீன்ஸ் இன்னும் இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார்.

கோயும் வந்து சேர்ந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"கோட்டுகிட்ட காலை எடுத்திருந்தா ஜெயிச்சிருப்ப," என்றான் ஆர்வில்.

"தெரியும்," என்றாள் டெல்ஃபியா.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூச்சு திரும்பினதும் அவன் நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்தான். அவனிடம் அவ்வளவு பெரிய குரல் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"பாத்தீங்கல்ல? எடுக்கவே இல்ல இவ."